சம்பந்தம் பேசிய ராணி

ஹேமாவதி ஏதோ ஒரு ராணியைப் பற்றி வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது ஊரப்பாக்கத்தில் அவள் தெருவுக்கே தெரியும். என்ன ராணி, எந்த ஊர் ராணி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவள் வரலாறு நடத்துகிறாள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் அந்த ராணிதான் காரணம் என்று தெருவில் சிலர் நம்பினார்கள்.

ராணி, இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத். ஹேமாவதி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த அரசியின் வெளியுறவுக் கொள்கை. நாடு சின்னது, படை அதைவிடச் சின்னது. ஒரு பக்கம் ஸ்பெயின், இன்னொரு பக்கம் பிரான்ஸ். ராணியிடம் இருந்த பெரிய பலம், அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததுதான். ஸ்பெயின் ராஜாவே பெண் கேட்டார். ஸ்வீடன் ராஜா கேட்டார், ஆஸ்திரிய இளவரசர் கேட்டார், பிரெஞ்சு ராஜாவின் தம்பிமார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவள் யாரிடமும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சட்டென்று சொல்லிவிடவில்லை. சம்பந்தம் பேசுகிற வீட்டின் மேல் யார் படையெடுப்பார்கள்? இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சையே அவள் கோட்டைச் சுவராக வைத்துக்கொண்டாள். இதுதான் ஹேமாவதியின் ஆய்வேடு சொன்னது.

அவள் அண்ணன் பாலுவுக்கு இது சொன்னவுடனே புரிந்துவிட்டது.

"கில்லாடிம்மா அந்தம்மா" என்று சொல்லிச் சிரித்தான்.

புரியாமல் என்ன, அவன் செய்துகொண்டிருந்ததும் அதுவேதான். ஜி.எஸ்.டி. சாலையில் பாலுவுக்கு ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். இப்போது கடை, வாடகைக்கு விட்ட வீடுகள், கொஞ்சம் வார்டு அரசியல். கூடுவாஞ்சேரி பொன்னுசாமி அந்த வட்டாரத்தில் செல்வாக்கான மனிதர். அவர் தன் இளைய மகன் உமேஷுக்கு ஹேமாவதியைக் கேட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. "தங்கச்சி பிஎச்டி முடிச்சிடட்டும்ணே" என்பான் பாலு. முடியாது என்று அவன் சொன்னதில்லை. அந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்கும்வரை பொன்னுசாமி பாலுவின் கடைக்கு வந்து டீ குடிப்பார். கோயில் கமிட்டியில் பாலுவின் பெயரை முதலில் சொல்வார். ஹேமாவதிக்கும் இதில் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்படியே போயிருக்கும். நடுவில் சிவகுமார் வந்தார்.

கல்லூரியில் வரலாற்றுத் துறை ஒரு கண்காட்சி வைத்தது. படங்களை மாட்ட இரும்பு ஸ்டாண்டுகள் தேவைப்பட்டன. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்த சிவகுமாரிடம் ஆர்டர் போனது. ஆட்களோடு அவரும் வந்து ஸ்டாண்டுகளை நிறுத்தினார். நிறுத்தி முடித்ததும் ஆட்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் கையில் ஸ்பேனரோடு எலிசபெத்தின் படத்துக்கு முன்னால் நின்று, கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கடைசியில இவங்க யாரைக் கட்டிகினாங்க?"

"யாரையும் இல்ல சார். கடைசிவரைக்கும் தனியாத்தான் இருந்தாங்க."

"யாரையும் பிடிக்கலையா, இல்ல பிடிச்சும் விட்டுட்டாங்களா?"

ஹேமாவதி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறாள். இப்படி யாரும் கேட்டதில்லை. "அது முழுக்க அரசியல் சார்" என்றாள். அவர் தலையாட்டினார். நம்பிய தலையாட்டலாக அது தெரியவில்லை.

அப்புறம் ஒரு ஸ்டாண்டு ஆடுகிறது என்று அவள் போன் செய்தாள். அவரே வந்து சரிசெய்தார். கண்காட்சி முடிந்து ஸ்டாண்டுகளை ஸ்டோர் ரூமில் அடுக்கிய பிறகும் போன் பேச்சு நிற்கவில்லை. மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் இருவரும் டீ குடிப்பார்கள். பிறகு அவர் பைக்கில் பம்மல் போவார், அவள் செங்கல்பட்டு ரயிலில் ஊரப்பாக்கம் போவாள். அவர் மனைவி நோயில் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குழந்தைகள் இல்லை. வயதான அப்பாவோடு இருந்தார். மனைவியைப் பற்றி அவர் பேசும்போது குரலில் பாசம் இருக்கும், புலம்பல் இருக்காது. அது ஹேமாவதிக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்களோட இருந்தா மனசுக்கு நல்லா கீது. கட்டிக்கலாமான்னு கேக்குறேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, தப்பில்ல. 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாதீங்க."

ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்தது. 'பாக்கலாம்' என்கிற ஒரே சொல்லின் மேல் அவள் ஐந்து அத்தியாயம் எழுதியிருந்தாள். "சரி" என்றாள். அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாலுவிடம் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "விசாரிக்கிறேன்" என்றான்.

ஒரு வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிறு, சாப்பாடு முடிந்ததும் பாலு அவளைக் கூப்பிட்டான். ஹாலில் அவனும் அண்ணியும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா செல்லியம்மாள் நாற்காலியில் இருந்தாள்.

"ஆள் நல்லவருதான். விசாரிச்சேன், யாரும் குறை சொல்லல" என்று தொடங்கினான் பாலு. "ஆனா நம்ம ஆளுங்க இல்ல. சொந்தத்துல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அம்மாவுக்கு சுகரு, உன்னை விட்டா ஆஸ்பத்திரிக்கு யாரோடயும் போவ மாட்டேங்குது. பொன்னுசாமி அண்ணனுக்கு வேற நான் பதில் சொல்லணும். இதெல்லாம் கீது. ஆனா ஒண்ணு, நாங்க வேணாம்னு சொல்லல. உன் மனசுல இன்னா கீதுன்னு நீ சொல்லு. அப்புறம் நாங்க இன்னா சொல்றதுன்னு பாக்குறோம்."

ஹேமாவதி அண்ணியைப் பார்த்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் "இந்த வருஷமாவது உனக்கு நடக்கணும் ஹேமா" என்று சொல்கிற அண்ணி, சோபாவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் கட்டிக்கோ கட்டிக்கோ என்றவர்கள். சொன்னவுடனே அம்மா காலண்டரை எடுப்பாள், அண்ணி கேலி செய்வாள், அண்ணன் கொஞ்சம் முறைத்துவிட்டு ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"என் மனசுல இருக்கிறதைப் போன வாரமே சொல்லிட்டேனேண்ணா" என்றாள். அழுகை வந்துவிட்டது. அப்பா இறந்தபோதுகூடத் தனியாகப் போய் அழுதவள், மூன்று பேருக்கு முன்னால் நின்று முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். அண்ணி தண்ணீர் எடுத்துவர எழுந்தாள். "நீ போய்ட்டா எனக்கு யாரு கீறா" என்று அம்மா யாரிடமும் சொல்லாதது மாதிரி சொன்னாள்.

அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஹேமாவதிக்கு அது நினைவுக்கு வந்தது. வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

1579, அக்டோபர் மாதம். ராணிக்கு நாற்பத்தாறு வயது. பிரெஞ்சு ராஜாவின் தம்பி, ஆஞ்சு பிரபு என்கிற இளைஞன், கடல் தாண்டி நேரிலேயே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மதத்தில் கத்தோலிக்கன், ராணியோ புராட்டஸ்டன்ட்; வயதிலும் ரொம்பச் சின்னவன். மந்திரிகள் நாள்கணக்கில் கூடிப் பேசினார்கள். முடிவுக்கு வரமுடியாமல் ராணியிடம் போய், 'முதலில் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள், பிறகு எங்கள் ஆலோசனையைச் சொல்கிறோம்' என்றார்கள். ராணி அழுதுவிட்டாள். நீங்களெல்லாம் வந்து கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி என்னைக் கேட்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாள். மூத்த மந்திரி அதைக் குறித்துவைத்திருக்கிறார்.

அந்தக் கண்ணீரைப் பற்றி ஹேமாவதி தன் ஆய்வேட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இக்கண்ணீர், அரசி தேர்ந்து கையாண்ட அரசியல் கருவிகளுள் ஒன்றே.' அவளுடைய நெறியாளர் சாலமன் சார் அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்பப் பாராட்டினார். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. இனி அவளாக அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி.

மறுநாள் சிவகுமார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று போனில் கேட்டார். வீட்டில் நடந்ததைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வைவா முடியட்டுமே" என்றாள். சொன்ன பிறகுதான் அதுவும் ஒரு 'பாக்கலாம்' என்று அவளுக்கு உறைத்தது.

"சரி" என்றார் அவர். வழக்கமாகப் பேச்சை முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அன்று அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வு கல்லூரிக் கருத்தரங்க அறையில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. பாலு அம்மாவை அழைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸும் அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான். தங்கை டாக்டர் ஆவதில் அவனுக்கு உண்மையாகவே பெருமை. தேர்வு தொடங்கிய பிறகு சிவகுமார் மெதுவாகக் கதவைத் திறந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஹேமாவதி அவரைப் பார்த்தாள். பாலுவும் பார்த்தான்.

கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்தவர் பேராசிரியர் அபிதகுஜாம்பாள். ஓய்வுபெறும் வயதில் இருந்தார், மெல்லிய குரல். ஸ்பெயினைப் பற்றி, நெதர்லாந்துக் கலகத்தைப் பற்றி, தூதர்களின் அறிக்கைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியெல்லாம் கேட்டார். ஹேமாவதி நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில் அவர் ஒரு பக்கத்தைப் புரட்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ராணியோட கண்ணீர் ஓர் அரசியல் கருவின்னு எழுதியிருக்கேம்மா. இதுக்கு ஆதாரம் என்ன?"

சாலமன் சார் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சொல்ல வேண்டிய பதில் அவளுக்குத் தெரியும். எத்தனையோ முறை ராணி நடித்திருக்கிறாள், அதற்கு உதாரணங்கள் உண்டு.

"ஆதாரம் இல்ல மேடம்" என்றாள் ஹேமாவதி. "அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது."

சாலமன் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அவ நிஜமாவே அந்தப் பையனைக் கட்டிக்க ஆசைப்பட்டாளா?"

"அதுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனா மந்திரிங்க அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரியும். அவங்க வேண்டாம்னு சொல்லல. சொல்லியிருந்தா அவ சண்டை போட்டிருப்பா. வேணும்னும் சொல்லல. 'உங்க இஷ்டத்தைச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்'னாங்க. பொறுப்பை அவ மடியில போட்டுட்டு ஒதுங்கிக்கிட்டாங்க. இருபது வருஷமா கல்யாணம் பண்ணிக்கோன்னு கெஞ்சினவங்க அவங்களேதான். அந்த இடத்துல ஒரு மனுஷி அழறதுக்கு வேற காரணம் தேவையில்லன்னு இப்போ தோணுது மேடம்."

"தோணறது ஆராய்ச்சி ஆகாதே" என்றார் அபிதகுஜாம்பாள். கடுமையாகச் சொல்லவில்லை.

"ஆகாதுதான் மேடம்."

"சரி. அப்படி அவளுக்கு ஆசை இருந்ததுன்னு வச்சுண்டா, எல்லாம் ராஜதந்திரம்னு நீ எழுதின அஞ்சு அத்தியாயமும் விழுந்துடாதோ?"

ஹேமாவதி கொஞ்சம் யோசித்தாள். "விழாது மேடம். ஆசையும் தந்திரமும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்துல இருக்கலாம். ஆசை கொஞ்சமும் இல்லாம இருந்திருந்தா அத்தனை தூதர்கள் அத்தனை வருஷம் நம்பியிருக்க மாட்டாங்க. அவ பேரம் பேசினது தனக்கே தேவைப்பட்ட ஒண்ணை வச்சு. அதனாலதான் அது அவளுக்கு நஷ்டமும்கூட. அந்த நஷ்டத்தை நான் ஆய்வேட்டுல சேர்க்காம விட்டுட்டேன்."

அபிதகுஜாம்பாள் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தின் ஓரத்தில் ஏதோ குறித்தார். "அந்த வரியை எடுத்துட்டு, இப்போ சொன்னதை ரெண்டு பக்கமா எழுதிக் குடு. திருத்தத்தோட பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன்."

கைதட்டினார்கள். வெளியே வராந்தாவில் டீயும் ஸ்வீட்டும் போயின. பாலு ஒவ்வொருவராகப் பார்த்து பாக்ஸைக் கொடுத்துக்கொண்டு வந்தான். சிவகுமார் முன்னால் வந்தபோது கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கொடுத்தான். "எடுத்துக்குங்க" என்றான். அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

காரில் ஊரப்பாக்கம் திரும்பும்போது அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். பெருங்களத்தூர் தாண்டியதும் பாலு கேட்டான்.

"அந்த மந்திரிங்கள பத்திச் சொன்னியே, அது என்னைத்தான?"

"மந்திரிங்களைத்தாண்ணா சொன்னேன்."

"என்னைச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"நான் வேணாம்னு சொல்லலியே ஹேமா."

"அதைத்தாண்ணா நானும் சொல்றேன். வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட உன்கிட்ட வாதாடியிருப்பேன்."

வண்டலூர் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. பாலு ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் வேறு குரலில் சொன்னான்: "பொன்னுசாமி அண்ணன் மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்னே தெர்ல. இத்தினி வருஷம் நம்ப வச்சிட்டு இப்போ போய் இன்னான்னு சொல்வேன்? அந்தாளுக்குக் கோவம் வந்தா நம்மள ஒரு வழி பண்ணிடுவாரு. பயமா கீது, அவ்ளோதான். அம்மாவ நான் பாத்துப்பேன். சொந்தக்காரன் பேசினா பேசிட்டுப் போறான்."

பயம் என்ற சொல்லை அண்ணன் வாயிலிருந்து ஹேமாவதி கேட்டதில்லை. அவன்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

"நானும் வரேன். நானே சொல்றேன்" என்றாள்.

அடுத்த நாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவரும் பழத்தட்டோடு கூடுவாஞ்சேரி போனார்கள். பொன்னுசாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். காபி வந்தது. மழையைப் பற்றி, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டால் ஏறிய நிலத்து விலையைப் பற்றிப் பேச்சு ஓடியது. பாலு காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

ஹேமாவதி கப்பை வைத்தாள். "மாமா, உங்க வீட்டுல என்னைக் கேட்டது எனக்கு மரியாதைதான். இத்தனை வருஷம் பதில் சொல்லாம உங்களைக் காக்க வச்சது எங்க தப்பு. அண்ணன் மட்டும் இல்ல, நானும்தான். எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. அவரைக் கட்டிக்கப்போறேன். வேற யாரோ சொல்லி நீங்க கேள்விப்படக் கூடாதுன்னு நேர்ல வந்தோம்."

பொன்னுசாமி அவளைப் பார்த்தார். பாலுவைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டு, தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பாலு, நீ கோச்சிக்கக் கூடாது" என்றார். "உமேஷுக்கு மறைமலைநகர்ல ஒரு பொண்ணோட ரெண்டு வருஷமா பேச்சு நடந்துகினு கீது. அவன் ஆபீஸ்லயே வேலை செய்யுது. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம நாங்களும் இழுத்துகினே கீறோம். உன் தங்கச்சி பிஎச்டி முடிக்கக் கூடாதுன்னு இவ வேண்டாத சாமி இல்ல."

முதலில் சிரித்தது செல்லியம்மாள்தான். மூச்சு முட்டுகிறமாதிரி சிரித்தாள். பொன்னுசாமியின் மனைவி வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தாள். பாலுவுக்குச் சிரிப்பதா, அவமானப்படுவதா என்று விளங்கவில்லை. "ரெண்டு வருஷமாவாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

"உன் கடைக்கு வந்து டீ குடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும்பா" என்றார் பொன்னுசாமி.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துவைத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் பாலு காரை ஓரம் கட்டினான்.

"அவரு நம்பர் குடு."

ஹேமாவதி கொடுத்தாள். அவன் காரிலேயே உட்கார்ந்து போன் செய்தான்.

"சிவகுமாருங்களா? நான் ஊரப்பாக்கம் பாலு பேசறேன், ஹேமாவோட அண்ணன்." எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னது. "இல்லல்ல, பிரச்சனை ஒண்ணும் இல்ல. இந்த ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பீங்களா? நானும் அம்மாவும் வர்றோம். உங்க அப்பாவைப் பாத்துப் பேசணும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எங்க பொண்ணை நீங்க கட்டிக்கணும். அதைக் கேக்கத்தான் வர்றோம்."

பின்சீட்டில் ஹேமாவதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாலையில் பஸ்ஸும் லாரியும் இரைந்து போய்க்கொண்டிருந்தன. அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பம்மலுக்கு ஊரப்பாக்கத்திலிருந்து நேர் பஸ் இருக்கிறதா, இல்லை தாம்பரத்தில் மாறவேண்டுமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.